சி மொழியில் அ = அ++ + ++அ என்று எழுதினால் கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறுவது ஏன்?

அ-வின் மதிப்பு 5 என்று வைத்துக்கொண்டு எந்த விடை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாவாவில் கேட்டிருந்தால் 12 என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அங்கே இடமிருந்து வலம் என்பது விதி: அ++ மதிப்பைக் கொடுத்துவிட்டு ஒன்று கூட்டும், அதனால் முதலில் 5 கிடைக்கும், அ 6 ஆகும்; ++அ ஒன்று கூட்டிவிட்டுக் கொடுக்கும், அதனால் அப்புறம் 7, கூட்டினால் 12. சி மொழியில் சரியான விடை என்று ஒன்று கிடையாது. வரிசை வரையறுக்காத இடத்தில் ஒரே வேரியபிளை இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு சி-யின் விதிகளை வகுக்கும் தரநிலை எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. சி++17-இல் (சி++ மொழியின் 2017 தரநிலை) அ = அ++ என்பதற்கு ஒரு பொருள் வந்துவிட்டது, ஆனால் உங்கள் வரிக்கு இன்னமும் இல்லை.

சரி, இப்படி யாரும் வேலையில் எழுதப்போவதில்லை. நான் மாட்டிக்கொண்டது பார்த்தால் பாவமாகத் தெரிகிற ஒரு வரியில்.

ஒரு ஃபைலிலிருந்து இரண்டு பைட்டுகளைப் படித்து ஓர் எண்ணாக்க வேண்டும். படி() என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் அடுத்த பைட்டைத் தரும். நான் எழுதியது:

எண் = படி() * 256 + படி();

ஃபைலில் இருந்தவை 1, 44. வர வேண்டியது 300. என் கணினியில் மாதக்கணக்கில் 300தான் வந்தது. வேறொரு கம்பைலருக்கு மாறியதும் 11265 வந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டினேன். நடந்தது இதுதான்: வலப்பக்கத்துப் படி() முதலில் ஓடி 1-ஐ எடுத்துக்கொண்டது, இடப்பக்கத்துக்கு 44 போனது. 44 * 256 + 1.

பெருக்கல்தானே முதலில் நடக்கும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிரசிடென்ஸ் (கூட்டல், பெருக்கல் போன்ற குறிகளுக்கு இடையிலான முன்னுரிமை விதி) எந்த எண் எதோடு சேரும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த எண்களைக் கொண்டுவரும் ஃபங்ஷன்களில் எது முதலில் ஓடும் என்பதை அது சொல்வதில்லை. அடைப்புக்குறி போட்டாலும் இதே கதைதான். கம்பைலர் தனக்கு வசதியான வரிசையில் கணக்கிட்டு வேகமான நிரலை உருவாக்கட்டும் என்றுதான் சி இதைத் திறந்து விட்டிருக்கிறது.

&&, || (‘மற்றும்’, ‘அல்லது’ குறிகள்) இரண்டும் விதிவிலக்கு, இடப்பக்கம் முடிந்த பிறகே வலப்பக்கம். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளான ஆர்கியூமென்ட்டுகளுக்கு நடுவே வரும் காற்புள்ளிக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதனால் கூட்டு(படி(), படி()) என்பதிலும் இதே ஆபத்து உண்டு.

கம்பைலரின் எச்சரிக்கைகளை இயக்கினால் உங்கள் அ++ வரியை ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களுமே சுட்டிக்காட்டும். என் வரிக்கு ஒரு வார்த்தை வராது, ஏனென்றால் படி() உள்ளே எதை மாற்றுகிறது என்று கம்பைலர் துருவிப் பார்ப்பதில்லை. கடைசியில் அதை இப்படிப் பிரித்தேன்:

மேல் = படி();
கீழ் = படி();
எண் = மேல் * 256 + கீழ்;

அதன்பின் எந்தக் கம்பைலரிலும் 300தான்.