ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து பத்மநாபபுரம் கேரள அரண்மனை, சுசீந்திரம் கோவில், கோட்டைகள் பார்க்க வருகிறோம். கன்னியாகுமரியில் கடல் பார்த்த ஃபேமிலி ரூம் எங்கே நன்றாக இருக்கும்?

கடல் பார்த்த ரூம் வேண்டாம் என்பதுதான் என் பதில். நாகர்கோவிலில் தங்குங்கள். தக்கலையில் மனசுக்குப் பிடித்த ரூம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நாகர்கோவில்காரி சொந்த ஊருக்குக் கொடி பிடிக்கிறாள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எனக்கு லாட்ஜ் கிடையாது, லாட்ஜ் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் கிடையாது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும், வயதான அப்பா அம்மாவுக்குச் சூரிய உதயம் காட்ட வருபவர்களும் தாராளமாகக் கன்னியாகுமரியிலேயே தங்கட்டும். நீங்கள் கேட்டிருப்பது அரண்மனை, கோவில், கோட்டை. கூடவே ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. அப்படியானால் கணக்கே வேறு.

மேப்பைத் திறந்து பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கம். உதயகிரிக் கோட்டை அதே பக்கம், புலியூர்க்குறிச்சியில். சிதறால் மலை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் அதற்கும் அப்பால். கன்னியாகுமரியிலிருந்து அரண்மனைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து அதில் பாதிகூட வராது. சுசீந்திரமும் நாகர்கோவிலுக்குத்தான் கிட்டே. கன்னியாகுமரிக்குப் பக்கம் என்று சொல்ல வட்டக்கோட்டை ஒன்றுதான் இருக்கிறது. 35 கிலோமீட்டர் ஒரு தூரமா என்று சென்னைக்காரர்களுக்குத் தோன்றும். மலையை உடைத்துக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஒருநாள் மாட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

என் சித்தி மகள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். போன கோடை லீவுக்குப் பிள்ளைகளோடு வந்தாள். உங்கள் பிள்ளைகள் வயசுதான். எங்கள் வீட்டில் ஏன் தங்க வைக்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு அறை உள்ள வீடு, ஒன்றில் மாமியார் படுத்த படுக்கை. அவளும் போட்டோ பார்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிட்டாள். "கடலைப் பார்த்த மாதிரி பால்கனிக்கா, பிள்ளைங்க குதிக்கும்" என்றாள். குதிக்கும் என்பதுதான் பிறகு பிரச்சினை ஆனது.

மூன்றாவது மாடி ரூம். லிஃப்டில் "பழுது" என்று அட்டை தொங்கியது. பால்கனியில் ஓரமாக நின்று கழுத்தை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கடல் தெரியும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைப்பிடிச் சுவர் அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. சின்னவன் பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் அவள் வீட்டுக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதற்குக் குறுக்கே சூட்கேஸையும் வைத்துவிட்டார். அங்கே இருந்த வரைக்கும் அந்தக் கதவு திறக்கவே இல்லை. கடல் பார்த்த ரூமுக்கு உண்டான வாடகை மட்டும் குறையவில்லை.

விடியற்காலை உதயம் பார்க்க எழுப்புகிறேன் என்று ரூம் பாய் வரிசையாக எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு மேகம். உதயம் தெரியவில்லை, ஆனால் சின்னவன் எழுந்துவிட்டான். எழுந்தவன் பிறகு தூங்கவே இல்லை. குளித்து, சாப்பிட்டு, வண்டி பிடித்து அரண்மனைக்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பெரியவளுக்குப் பசி, சின்னவனுக்குத் தூக்கம். அரண்மனையில் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், வாசல் நிலைகள் தாழ்வு. தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினால் உங்கள் தலையைக் காப்பாற்றுவதா, பிள்ளை தலையைக் காப்பாற்றுவதா? பாதியில் வெளியே வந்துவிட்டார்கள். அங்கே மதியம் 1 மணிக்கு அடைத்து 2 மணிக்குத்தான் திறப்பார்கள். பிள்ளையைக் கிடத்த ஓர் இடம் வேண்டும், ரூமோ 35 கிலோமீட்டர் அந்தப் பக்கம். வாசலில் நின்றுகொண்டுதான் எனக்குப் போன் செய்தாள்.

நான் சொல்ல வருவது இதுதான். காலை ஐந்தரை மணிக்கு எதைப் பார்க்கலாம் என்று ரூம் எடுக்காதீர்கள், மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை எங்கே கிடத்தலாம் என்று பார்த்து எடுங்கள். அரண்மனை அடைக்கும் அதே மதியத்தில்தான் சுசீந்திரத்திலும் நடை அடைப்பார்கள், மாலையில்தான் திறப்பார்கள். பழைய இடங்கள் எல்லாம் மதியம் உங்களை வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்ப் படுக்க ஒரு கட்டில் இருந்தால்தான் சாயங்காலம் மறுபடி கிளம்ப முடியும்.

அன்றைக்கே சாயங்காலம் அவர்களை நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜில் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு மாமரமும் யார் வீட்டுத் துணிக்கொடியோ தெரியும், அவ்வளவுதான். மறுநாள் 9 மணிக்கு அரண்மனை திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். கூட்டம் இல்லை. வாசல் மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பெரியவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று காவலர் சொன்னதும் "பெரியம்மா, எப்படி?" என்று வழியெல்லாம் என்னைக் குடைந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. சின்னவன் அந்தக் கறுத்த வழுவழுப்பான தரையில் கவிழ்ந்து படுத்துத் தன் முகத்தைப் பார்த்தான். எழுப்பினால் மறுபடி படுத்தான். குனியாமல் எல்லா வாசலையும் கடந்தவன் அவன் மட்டும்தான், அதில் அவனுக்குப் பெரிய பெருமை.

உங்கள் கேள்விக்குள் "கேரள அரண்மனை" என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகம்தான் கேரளத் தொல்லியல் துறை. மண் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா. 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரம் இதுதான், பிறகுதான் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. சும்மா வரவில்லை, தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள் 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டிருக்கிறார்கள். ஆனாலும் சென்னையில் நான் வேலை பார்த்த காலத்தில் வாயைத் திறந்தாலே "நீங்க மலையாளமா?" என்பார்கள். தமிழ் வாத்தியார் மகளிடம்! நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சரி, ரூமுக்கு வருவோம்.

போட்டோவை நம்பாமல் போன் போட்டுக் கேளுங்கள். ஃபேமிலி ரூம் என்றால் பல இடங்களில் ஒரு டபுள் கட்டிலும் தரையில் விரிக்க ஒரு மெத்தையும்தான், அந்த மெத்தைக்குத் தனிக் காசு வேறு. கீழ்த்தளம் உண்டா, இல்லாவிட்டால் லிஃப்ட் இன்றைக்கு ஓடுகிறதா என்று கேளுங்கள். "லிஃப்ட் இருக்கு" என்ற பதில் போதாது. ராத்திரி பத்து மணிக்குப் பால் காய்ச்சித் தருவார்களா என்பதும் முக்கியம். செக்அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணிக்கா என்பதை மறக்காதீர்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்தால் விடியும் முன்பே இறங்கிவிடுவீர்கள், "ரூம் 12 மணிக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளோடு வரவேற்பறை சோபாதான் கதி. அந்த ரயில் கன்னியாகுமரிக்கு முன்னால் நாகர்கோவிலில்தான் நிற்கும். வந்தே பாரத் நாகர்கோவிலோடு சரி, மதியம் 2 மணி வாக்கில் வரும், பிள்ளைகளுக்கு அதுவே சௌகரியம்.

இவ்வளவு சொன்ன பிறகும் கடல்தான் வேண்டும் என்றால் கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திர வளாகத்தில் கேட்டுப் பாருங்கள். மரமும் இடமுமாக விசாலமாக இருக்கும், பிள்ளைகள் ஓட ரோட்டுக்கு வர வேண்டாம். இல்லையா, ஒருநாள் மட்டும் நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை வண்டி பிடித்துக் கன்னியாகுமரி வந்து, உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்கு முதல் படகில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது, ஆறு வயதுக்கு அது பிடிக்கும். கடல் சீற்றமாக இருந்தால் படகு விட மாட்டார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

உதயகிரிக் கோட்டையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத் தலைவரான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கல்லறை எதற்கு, மர நிழலில் ஓட இடம் இருக்கிறது, அது போதும். ரூமுக்குத் திரும்பும் வழியில் மட்டி வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே கைக்குழந்தைக்கே அதைத்தான் கொடுப்போம்.

இன்னொன்று, திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறீர்கள் என்றால் முதல் நாளைச் சுசீந்திரத்துக்கும் வட்டக்கோட்டைக்கும் ஒதுக்கிவிட்டு, தக்கலைப் பக்கத்தைச் செவ்வாய்க்கு வையுங்கள்.