பழைய பில்லும் புது விண்டோஸும்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். 32-பிட் விண்டோஸ் 10 இருந்த கம்ப்யூட்டரில் கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார். டி டிரைவில் உள்ள, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பில் புரோகிராம் திறக்க மறுக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ஊமை.

பதில்: சீசன் நேரத்திலா இந்த வேலை! சரி, நடந்தது நடந்துவிட்டது. விண்டோஸ் 11 என்பது 64-பிட் மட்டும்தான். அதில் 16-பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. பழைய புரோகிராம்களுக்கான 'காம்பேடிபிலிட்டி' டிக் போட்டும் பிரயோஜனமில்லை. முதலில் அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பாக்கிக் கணக்கு போனால் யாரும் தானாக வந்து தர மாட்டார்கள். அப்புறம், பழைய டாஸ் கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட்டிப் பாருங்கள். தருமபுரியில் என் சித்தப்பாவின் உரக்கடைக் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

பிரிண்டரை இயக்கும் மென்பொருளான பழைய 32-பிட் டிரைவரும் விண்டோஸ் 11-ல் ஏறாது. பிரிண்டர் கம்பெனி தளத்தில் 64-பிட் டிரைவர் தேடுங்கள். கிடைக்காவிட்டால், பிரிண்டர் சேர்க்கும் பட்டியலில் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' இருக்கும். அதில் தமிழ் வராது; ஆங்கிலமும் எண்ணும் வரும். "பெங்களூரா 40 கிரேட்" என்று மாங்காய் பில் அடிக்க அது போதும்.

பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பலாமா என்றால், வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.