பில்லில் வி 28.0 என்று இருந்தால்

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் மாட்டுக்கு ஒதுங்கப் போய் அப்பா மோட்டாரோடு விழுந்தார், கால் எலும்பு முறிவு. சிகிச்சை பில்லில் எஸ் 82.2, வி 28.0 என்று இரண்டு குறியீடு இருக்கிறதே, இரண்டு தடவை காசு வாங்கிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. எஸ் என்பது காயம்: முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பின் தண்டு முறிவு. வி என்பது எப்படி அடிபட்டது என்ற விவரம் மட்டும். அதற்குக் காசு கிடையாது.

புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐசிடி-10இல் (நோய், காயங்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியல்) அந்த 0, வண்டியை ஓட்டியவர் பொதுச்சாலைக்கு வெளியே விழுந்தார் என்கிறது. 4 என்றால் பொதுச்சாலையில். செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதை என்றால் 0 சரி. தார் ரோட்டில் விழுந்திருந்தால் 28.4 என்று திருத்தச் சொல்லுங்கள். மாட்டின்மேலேயே மோதியிருந்தால் வி 20 (மாட்டுக்கும் நம்பர் வைத்திருக்கிறார்கள்!). மோதாமல் சறுக்கியதால்தான் 28.

கிளினிக்கில் பில் போட்ட காலத்தில் நானே ஒருமுறை பழக்கதோஷத்தில் 4 போட்டுவிட்டேன். பாரத்தில் 'தோட்டப் பாதை' என்று இருந்தது. கோப்பு திரும்பி வந்தது, ஏச்சும் வாங்கினேன்.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்தார் என்றால் சொக்சோவில் (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை விபத்தாகக் கேட்கலாம். முதலாளி தனக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். அனுப்பியாச்சா என்று தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) இன்றே கேளுங்கள்.