ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங் சாய்?

கேள்வி: எனக்கு 44 வயது. மும்பையில் இருக்கிறேன்; முலுண்டில் வீடு, ஃபோர்ட்டில் ஆபீஸ். ஆறு வாரத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 வந்தது. எடை 86 கிலோ. மாத்திரை இப்போது வேண்டாம், சர்க்கரையையும் எடையையும் குறையுங்கள் என்றார் டாக்டர். அன்றைக்கே இனிப்பை விட்டேன். பாயசம், ஜாங்கிரி, ஆபீஸ் பிறந்தநாள் கேக் எதையும் தொடுவதில்லை. மனைவி வெள்ளைச் சர்க்கரையைத் தூக்கிப்போட்டு நாட்டுச் சர்க்கரை வாங்கிவிட்டார். ஆனாலும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை சாயங்காலத்தில் கட்டுப்பாடு போய், ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்றுவிடுகிறேன். எடை அரை கிலோகூட இறங்கவில்லை. எனக்கு மன உறுதி போதவில்லையா? கூட இருக்கும் அம்மாவுக்கு 73 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். காலையில் இரண்டு காபி, ஆபீஸில் ஐந்தாறு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) தவிர எனக்கு வேறு பழக்கம் கிடையாது.

பதில்: விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

நாளைக்கு சாய்க்கடையில் நிற்கும்போது கடைக்காரர் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். பால், தூள், நசுக்கிய இஞ்சி எல்லாம் கொதித்து மேலே எழும்பும்போது டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார். அது ஸ்பூன் கணக்கில் விழுவதில்லை. அடுப்பைக் குறைத்து, துணியில் வடிகட்டி, அந்தச் சின்ன கிளாஸில் பாதி ஊற்றித் தருவதால் நமக்கும் கொஞ்சமாகக் குடித்த மாதிரிதான் தோன்றுகிறது. ஒரு கட்டிங்குக்கு ஒரு ஸ்பூன் என்றே வைத்துக்கொள்வோம். பல கடைகளில் ஒன்றரை இருக்கும். ஆறு கட்டிங்குக்கு ஆறு ஸ்பூன். வீட்டுக் காபி இரண்டும் இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் இன்னும் நாலு. ஆகப் பத்து ஸ்பூன், குறைந்தது 40 கிராம். இனிப்பே சாப்பிடாத ஒருவரின் கணக்கு இது!

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு: நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம், ஏறக்குறைய ஆறு ஸ்பூன். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே அதைத் தொட்டுவிடுகிறீர்கள். மாதத்துக்கு ஒருமுறை வருகிற பாயசத்தை விரட்டிவிட்டு, தினமும் வருகிற சாயை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நாட்டுச் சர்க்கரை பற்றி உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அக்கறையாக வாங்கியிருக்கிறார். அதில் துளி தாதுச் சத்து கூடுதலாக இருக்கலாம், ஆனால் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். வெல்லமும் கருப்பட்டியும் அப்படியே. தேனிலும் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். 'நல்ல சர்க்கரை' என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதுதான் கவலை. செயற்கை இனிப்பு மாத்திரைகளையும் நான் சொல்ல மாட்டேன். எடை குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் அதே நிறுவனம் அறிவுறுத்தியது. தவிர, நாக்கு அதே தித்திப்பிலேயே நின்றுவிடும்.

நாக்கைப் பழக்குவதுதான் வழி. காபியில் இரண்டு ஸ்பூனை இந்த வாரம் ஒன்றரை ஆக்குங்கள். பத்து நாள் கழித்து ஒன்று, அப்புறம் அரை. ஒரேயடியாக நிறுத்தினால் காபி கஷாயம் மாதிரி இருக்கும், நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். மெதுவாக இறங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய காபி உங்களுக்கே திகட்டும். டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கினால் சர்க்கரை குறைவது பாதி தெரியாது.

சாய்க்கு அந்த வழி நடக்காது, ஏனென்றால் சர்க்கரையைச் சேர்த்தே கொதிக்க வைக்கிறார்கள். 'பினா ஷக்கர்' (சர்க்கரை இல்லாமல்) என்று கேட்டுப் பாருங்கள், தனியாக வைத்துத் தருகிற கடைகள் உண்டு. இல்லையென்றால் ஆறை இரண்டாக்குங்கள். ஆபீஸ் மெஷின் சாய் என்றால் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைப் பாருங்கள்.

சரி, பிஸ்கட்டுக்கு வருவோம். ஒரு மணிக்கு டப்பா சாப்பாடு, எட்டு மணிக்கு மேல் வீடு. நடுவில் ஏழு மணி நேரம் வெறும் இனிப்புச் சாய். ஆறு மணிக்கு வயிறு கேட்பது பசியால். மன உறுதியை இதில் இழுக்காதீர்கள், பாவம். ஐந்து மணிக்கே ஒரு கைப்பிடி சிங் சனாவோ (வறுத்த வேர்க்கடலை, கடலை), வீட்டில் கட்டிக் கொடுத்த சுண்டலோ, ஒரு கொய்யாவோ சாப்பிட்டுவிடுங்கள். ரயில் ஏறும்போது அந்தப் பாக்கெட் நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். 'டைஜஸ்டிவ்' என்று போட்டிருப்பதும் பிஸ்கட்தான். பின்பக்கம் 'ஆடட் சுகர்' என்ற வரியைப் படியுங்கள்.

எடை இறங்க சர்க்கரை மட்டும் போதாது. ராத்திரி சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, கூட்டோ பொரியலோ இரண்டு மடங்கு வையுங்கள். சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறங்கி ஷேர் டாக்ஸி பிடிக்காமல் ஆபீஸுக்கு நடந்தால் போக 15 நிமிடம், வர 15 நிமிடம். ஐந்து நாளில் 150 நிமிடம் வந்துவிடும், டாக்டர்கள் கேட்பதும் அவ்வளவுதான். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. வாசலிலேயே திரும்பிவிட முடியும். உங்களைப் போல விளிம்பில் இருந்தவர்களைச் சென்னையில் மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. நம் சாதம் சாம்பார் சாப்பிடுகிற ஊரில் கிடைத்த கணக்கு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. ஆறு மாதத்தில் நாலு முதல் ஆறு கிலோ என்று இலக்கு வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மறுபடி பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் முழு பலன் தெரியாது. பொங்கலுக்கு ஒரு சின்னக் கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். வெள்ளைச் சர்க்கரையைத் தூக்கிப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்சுலின் போடுகிற அம்மா இருக்கும் வீட்டில் அது வேண்டும். உங்கள் மாற்றங்களை டாக்டரிடம் கேட்காமல் அவருக்குச் செய்யாதீர்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் கருவியில் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அரை கிலோ வெள்ளைச் சர்க்கரை வாங்கி, அம்மாவின் கைக்கு எட்டுகிற அலமாரியில் வையுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.