கோத்தகிரி ஏல வீடு: அடையாள சுவாதீனம் குறித்து
கோத்தகிரியில் வங்கி ஏலத்துக்கு வந்துள்ள வீட்டில் பழைய உரிமையாளர் இன்னும் குடியிருப்பதாகவும், ஏலம் கேட்கலாமா என்றும் வினவியிருந்தீர்கள். அறிவிப்பில் ‘அடையாள சுவாதீனம்’ என்றிருந்தால் வங்கியின் பிடி காகிதத்தில் மட்டுமே உள்ளது. அவர் தாமாக வெளியேறாவிட்டால், கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு செய்தே வீட்டை மீட்க வேண்டும், இதற்கிடையில் அவர் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடினால் மாதங்கள் ஓடிவிடும். பணம் கட்டுவதற்கோ அத்தகைய நிதானம் கிடையாது: ஏலத்தில் பங்கேற்கக் கட்டிய முன்வைப்புத் தொகை உட்பட, ஏலத்தொகையில் 25 சதவீதத்தை ஏல நாளன்றோ மறு வேலைநாளிலோ செலுத்தி, விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள், வங்கி எழுத்துமூலம் அவகாசம் தந்தாலன்றி, மீதியையும் கட்டத் தவறினால் கட்டியது பறிபோகும். வில்லங்கச் சான்றை எப்படியும் எடுப்பீர்கள். கட்டட வரைபட அனுமதியையும் கேளுங்கள், ‘உள்ளது உள்ளபடி’ விற்பனையில் விதிமீறிய தளம் வாங்குபவர் தலையிலேயே விழும். சரிவில் நிற்கும் வீடென்றால் பின்புறத் தடுப்புச்சுவரை மழைநாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், நேரடி சுவாதீனம் வங்கியிடம் வராத வரை நான் ஏலம் கேட்க மாட்டேன்.