100 சதவீதமா, 93 சதவீதமா? எத்தனை பேரில் என்று கேளுங்கள்

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். மகள் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடிக்கிறாள். பக்கத்தில் இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகள். பத்தாம் வகுப்பில் ஒன்று 100 சதவீதம், இன்னொன்று 93. நூறு எடுத்த பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தேர்ச்சி சதவீதத்தைத் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நடுவில் நின்றவர்களும் டி.சி. வாங்கிப் போனவர்களும் அதில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. சதவீதம் குறையக் கூடாதென்று, சரியாகப் படிக்காத பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவது நடந்தால், பெரும்பாலும் ஒன்பதாவதில்தான் நடக்கும்.

ஒரு பேச்சுக்கு, முதல் பள்ளியில் ஒன்பதாவதில் 62 பேர் இருந்து, பத்தாவது எழுதியது 48 பேர், 48 பேரும் பாஸ் என்று வைப்போம். இரண்டாவதில் 70 பேரில் 69 பேர் எழுதி 64 பேர் பாஸ். ஒன்பதாவதில் இருந்தவர்களை வைத்துப் பார்த்தால் முதல் பள்ளி 77, இரண்டாவது 91. கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எனவே தலைமை ஆசிரியரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர், போன வருடம் நாமினல் ரோலில் (பத்தாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியலில்) எத்தனை பேர், பாஸ் எத்தனை. பத்தாவதில் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாகக் கேட்டுக் கழியுங்கள். சொல்லத் தயங்கினால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரே வருடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 25 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 4 சதவீதம் போய்விடும். மூன்று வருடம் பாருங்கள். அதோடு, 400-க்கு மேல் எத்தனை பேர், கணக்கில் 35-லிருந்து 40-க்குள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பாதிப் பேர் அந்த ஐந்து மார்க்குக்குள் நெருக்கியடித்து நின்றால் நூறு சதவீதத்துக்குப் பெரிய அர்த்தமில்லை.

அடுத்தது ஆசிரியர்கள். கணக்கு, அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடமும், பிளஸ் டூவில் அவள் எடுக்க நினைக்கும் குரூப்பின் முதுகலை ஆசிரியர் பணியிடமும் நிரப்பப்பட்டிருக்கிறதா, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மூலம் தற்காலிகமாக ஓடுகிறதா? ஆய்வகத்தை நேரில் பாருங்கள். வேதியியல் சோதனைக்கான கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் தூசி படிந்திருந்தால், செய்முறை மார்க் எப்படி வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசு உதவிபெறும் பள்ளி ஏதாவது கண்ணில் பட்டால் ஒன்றை மறக்க வேண்டாம். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளி அதில் சேரும், உதவிபெறும் பள்ளி சேராது. இப்போது மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கடைசியாக, நம்மூரில் நவம்பர், டிசம்பரில் மழை லீவு வராத வருடம் அபூர்வம். போன வருடம் விட்டுப்போன பாடத்தை எந்தச் சனிக்கிழமைகளில் முடித்தார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள்.