சீன, ஜப்பானிய நவீன இலக்கியத்தை ஆங்கிலம் வழியாகப் படித்தல்: கேள்வி பதில்

கேள்வி: இரு மொழிகளும் அறியாத நான் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சீன எழுத்தாளர் லூ சுன் 1918-இல் எழுதிய 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு', ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 1914-ஆம் ஆண்டு நாவல் 'கொக்கொரோ' ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். எதை வாங்கினாலும், மொழிபெயர்த்தவர் யார், வெளிவந்த ஆண்டு எது, பிரதி முழுமையானதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'நாட்குறிப்பு' கதையின் முன்னுரையைத் தாண்டிச் செல்லலாமா?

பதில்: கூடாது, அதுவும் கதையின் ஒரு பகுதிதான். நாட்குறிப்பைப் பேச்சுவழக்குச் சீனத்தில் எழுதிய லூ சுன், முன்னுரையை மட்டும் பழைய செவ்வியல் நடையில் அமைத்தார். மனிதரை மனிதர் தின்பதாகக் கண்டு நடுங்கியவன் நோய் தீர்ந்து அரசுப் பதவியை நாடிச் சென்றுவிட்டான் என்ற செய்தியை அந்த விறைத்த நடையே முதலில் சொல்லிவிடுவதால், குழந்தைகளைக் காப்பாற்றச் சொல்லும் கடைசி வரியை நாம் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. இந்த நடை வேறுபாட்டை ஆங்கிலத்தில் உணர விரும்பினால், 1990-இல் வெளிவந்த வில்லியம் லயலின் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமியை எந்த வரிசையில் படிப்பது?

பதில்: வரிசை தேவையில்லை. ஆனால் 'தி வைண்ட்-அப் பேர்ட் கிரானிக்கிள்' நாவலின் 1997-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பிலிருந்து ஏறத்தாழ 25,000 சொற்கள் நீக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்தே படியுங்கள்.

கேள்வி: தொடக்கநிலை வாசகருக்கு ஒரு நூல் சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: 'கெஞ்சி கதை'க்கு எந்த மொழிபெயர்ப்பு சிறந்தது?

பதில்: அது பதினொன்றாம் நூற்றாண்டுப் படைப்பு, செவ்வியல் ஜப்பானியம் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சீன எழுத்தாளர் லாவோ ஷேயின் 'ரிக்ஷாக்காரன்' நாவல் மகிழ்ச்சியாகத்தானே முடிகிறது?

பதில்: நீங்கள் படித்தது 1945-இல் வந்த இவான் கிங்கின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். அதில் ரிக்ஷா இழுக்கும் நாயகன் ஷியாங்ட்ஸு தன் காதலியை விபசார விடுதியிலிருந்து மீட்டுத் தூக்கிச் செல்கிறான். மூலத்தில் அவன் தேடிச் செல்வதற்கு முன்பே அவள் தூக்கிட்டு இறந்துவிடுகிறாள். அவனோ சவ ஊர்வலங்களில் கொடி தூக்கிப் பிழைக்கும் நிலைக்குச் சீரழிகிறான். ஆண்டைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: 1955-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் லாவோ ஷேயே முடிவை வெட்டினாரே? கிங்கை மட்டும் குறை சொல்வது நியாயமா?

பதில்: நல்ல வாதம், ஆனால் நான் ஏற்கவில்லை. நம்பிக்கையிழந்த தொழிலாளியைப் புதிய கம்யூனிஸ்ட் அரசு விரும்பாத காலத்தில், ஷியாங்ட்ஸுவின் முழுச் சீரழிவைச் சொல்லும் இறுதி ஒன்றரை அத்தியாயத்தை அவர் நீக்கினார் என்பது உண்மை. ஆயினும் கதையை முன்கூட்டியே நிறுத்துவது வேறு, செத்தவளைப் பிழைக்க வைப்பது வேறு. தனியொருவன் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பெய்ஜிங்கில் கரையேற முடியாது என்பதே நாவலின் முதுகெலும்பு. கிங் முறித்தது அதைத்தான். ஆசிரியரும் அதை ஏற்கவில்லை. அவருடைய 'மணமுறிவு' என்ற இன்னொரு நாவலிலும் கிங் கைவைத்தபோது, ஹெலினா குவோவைக் கொண்டு வேறொரு மொழிபெயர்ப்பை அவர் வெளியிடச் செய்தார்.

கேள்வி: விற்பனையில் வென்றது கிங்கின் நூல்தானே?

பதில்: ஆம், அமெரிக்காவில் நன்றாக விற்றது. போர்க்கால அமெரிக்க வாசகர் சீனாவிடம் எதை எதிர்பார்த்தார் என்று ஆராய்பவருக்கு அது நல்ல சான்று. லாவோ ஷேயைப் பற்றிக் கட்டுரை எழுதுபவருக்கு உதவாது.

கேள்வி: அப்படியானால் எதை வாங்குவது?

பதில்: ஜீன் ஜேம்ஸ், 1979, அல்லது ஹோவர்ட் கோல்ட்பிளாட், 2010. இரண்டிலும் கடைசி அத்தியாயம் இருக்கிறது.